போர்வைக்குள்ள மூணு பேர்

ஐயோ, காய்ச்சலெல்லாம் இல்லக்கா. வேணும்னா நெத்தியத் தொட்டுப் பாருங்க. மூஞ்சி செவந்திருக்கா? வெயில்தான். சிரிக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, காய்ச்சலான்னு கேட்டீங்க பாருங்க, அடக்க முடியல. எங்க வீட்டுல அது பெரிய கதை. நீங்க கடைசி ஸ்டாப்பா? அப்ப தாராளமா சொல்லலாம்.

போன வருஷம் எங்க அண்ணிக்குக் கரு கலைஞ்சிடுச்சு. பத்து வாரம். ஏங்க்கா அக்கம்பக்கம் பாக்கறீங்க? திருட்டுச் சாமானா விக்கிறோம்? இதான், இதுக்குத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. மூணு மாசம் முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதாம். யார் போட்ட சட்டம்? சரி, சந்தோஷத்த மூடி வைங்க. போயிடுச்சுன்னா? இருந்ததே யாருக்கும் தெரியாது, அப்புறம் யாரு வந்து கூட அழுவாங்க? யூனிவர்சிட்டியில ஒரு கூட்டத்துல இதைப் பேசினப்ப மைக்கப் பிடுங்கிட்டாங்க. மைக் இல்லாமலே பேசி முடிச்சேன்.

எங்கம்மா கேட்டவங்களுக்கெல்லாம் மருமகளுக்குக் காய்ச்சல்னுட்டாங்க. சொந்தக்காரங்க விடுவாங்களா? சித்தப்பா கொசுவப் பத்தி முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். அத்தை, அப்பாவோட அக்கா, குரல் லாரி ஹாரன் மாதிரி இருக்கும், அவங்க தெர்மாமீட்டரோட வந்துட்டாங்க. வெச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல. உடனே என்ன பண்ணாங்க? தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சுன்னு அதைப் போட்டுத் திட்டுறாங்க!

அதோட விட்டாங்களா? அண்டா தண்ணியக் கொதிக்க வெச்சு, அண்ணிய உக்கார வெச்சு, தலையோட போர்வையப் போட்டு, ஆவி பிடிடின்னாங்க. உள்ள அண்ணி தோள் குலுங்குது. பாத்தியா, சளி இளகுதுன்னு அத்தைக்குப் பெருமை தாங்கல.

நான் ஓரத்தத் தூக்கிட்டு உள்ள பூந்துட்டேன். என் கண்ணாடி பூரா ஆவி, அண்ணி மூஞ்சியே தெரியல. அன்னைக்கு மாடிக்குத் துணி வாளியத் தூக்கிட்டுப் போனேனே, அதனாலதானான்னு கேக்கறாங்க. டாக்டர் அத்தனை தடவ சொன்னாங்கல்ல அண்ணி, ஆரம்பத்துல கலையறது பெரும்பாலும் கரு உருவாகறப்பவே இருக்கிற கோளாறு, வாளிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு நான் உள்ளயே வாதாடறேன். வெளியேருந்து அத்தை, உள்ள என்னடி பட்டிமன்றம்னு அதட்டுறாங்க.

தலைய வெளிய நீட்டி, அத்தை, காய்ச்சல் இல்ல, கரு கலைஞ்சிடுச்சுன்னேன்.

அம்மா கையில இருந்த கரண்டி விழுந்துடுச்சு. அத்தை தெர்மாமீட்டர உறையில போட்டாங்க. நகருடின்னு சொல்லிட்டு அவங்களும் உள்ள வந்துட்டாங்க! யோசிச்சுப் பாருங்க, ஒரு அண்டா, ஒரு போர்வை, மூணு பொம்பளைங்க, வேர்த்து ஊத்துது. எனக்கு ரெண்டு போச்சுடி, அப்ப வயித்துவலின்னு சொல்லி வெச்சாங்க, தெருவே ஆளுக்கொரு மருந்து கொண்டாந்துச்சு, மரியாதைக்கு அத்தனையும் குடிச்சேன், அதுல நெஜமாவே வயித்துவலி வந்துடுச்சுன்னாங்க. அண்ணி சிரிச்சாங்க பாருங்க! பதினோரு நாளைக்கப்புறம். சிரிச்சுக்கிட்டே ஓன்னு அழுதாங்க, அத்தை விடாமக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. வெளிய அம்மா, எனக்கும் இடம் விடுங்களேண்டின்னு நிக்கறாங்க. எங்க இருக்கு இடம்?

இந்தப் பொட்டலமா? போர்வைதான். இருக்கறதுலயே பெருசு. ஆமா, ஆஸ்பத்திரிக்கு எதுத்த கடையில வாங்கினேன்.

இல்ல, யாரையும் பாக்கப் போகல. ஸ்கேனுக்குப் போனேன். எனக்குத்தான். எட்டு வாரம். துடிப்பு இல்லன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை பாக்கறாருக்கா, ராத்திரிக்குள்ள வந்துடறேன்னார்.

இவ்வளவு வாய் பேசறேனே, அண்ணிக்கு ஃபோன் பண்ணி என்ன சொன்னேன் தெரியுமா? லேசா காய்ச்சல் அண்ணின்னேன். உடனே அவங்க, நேரா இங்க வா, அத்தையையும் கூப்பிடறேன், தண்ணி கொதிக்க வெச்சாச்சுன்னாங்க.