எல்லாருக்கும் கரடி வேஷம்

அம்மா: சாப்பிட உக்காந்தா, ‘அம்மா, நான் கரடியா?’ன்னு கேக்கறான் டீச்சர். நாலு வயசுப் பிள்ளை! எனக்குச் சோறு எறங்குமா?

டீச்சர்: தப்பு என் மேலதாங்க. அவன் ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்ட அன்னிக்கே அந்தக் கதையை எடுத்திருக்கக் கூடாது. ரெண்டு நாள் ஆறப் போட்டிருக்கணும்.

அம்மா: அப்படி என்ன கதை அது?

டீச்சர்: படப் புத்தகம். பெரிய கரடி ஒண்ணு, சின்ன அணிலைப் போட்டுப் படுத்தி எடுக்குது. நான் பக்கத்தைத் திருப்பினா, வகுப்பே இவனைத் திரும்பிப் பாக்குது...

அம்மா: அதுலேருந்து இவன்கூட யாருமே உக்கார மாட்டேங்கறாங்களாம்.

டீச்சர்: இன்னிக்கு உக்காந்தாங்க.

அம்மா: நெசமாவா? எப்படி?

டீச்சர்: எல்லாரும் முறை வச்சுக் கரடியாகணும்னு சொல்லிட்டேன். உங்க பையன்தான் முதல் அணில்.

அம்மா: ஐயோ... அழுதானா?

டீச்சர்: லேசா. பையைப் பிடுங்கற மாதிரி நடிச்சதுக்கே உதடு பிதுங்கிடுச்சு. அப்புறம் தானா எழுந்துபோய், அன்னிக்குத் தள்ளிவிட்ட பிள்ளையோட கையைத் தடவிக் குடுத்தான்.

அம்மா: என் பையனா!

டீச்சர்: உங்க பையனேதான். இப்ப என்ன சண்டைன்னா, கரடி வேஷம் எனக்கு உனக்குன்னு அடிச்சுக்கறாங்க.

அம்மா: அப்பாடா... வயித்துல பாலை வார்த்தீங்க. அந்தப் புத்தகத்தை நான் பாக்கலாமா?

டீச்சர்: ம்... இந்தாங்க. போன வருஷம் நானே வரைஞ்சது. சிரிக்கக் கூடாது.

அம்மா: அணிலுக்கு ரெட்டைப் பின்னலா! நல்லா இருக்கே... இங்க கரடி என்ன பண்ணுது? அணிலோட பையைத் தூக்கி... ஷெட் கூரை மேல...

டீச்சர்: ஆமா, வீசிடுது. அணிலுக்கு எட்டாது.

அம்மா: பாவம் அணில். அந்த மழையில நோட்டெல்லாம் ஊறிப் போயிருக்கும்.

டீச்சர்: புத்தகத்துல மழை இல்லையே.

அம்மா: இல்லையா? இந்தப் பக்கத்துல...

டீச்சர்: நல்லாப் பாருங்க. வெயில்தான் வரைஞ்சிருக்கேன்.

அம்மா: ...ரெண்டாங் கிளாஸ்ல உன் பையை ஷெட் மேல வீசினது நான்தானே. நீ கூரையையே பாத்துக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு நின்னே. நான் பயந்து ஓடிட்டேன். இவனைச் சேர்க்க வந்த அன்னிக்கே உன்னை அடையாளம் தெரிஞ்சுது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறதுன்னு... மன்னிச்சிடுடி.

டீச்சர்: எனக்கும்தான் தெரிஞ்சுது. ‘இவ பிள்ளை எனக்கு வேணாம், வேற செக்‌ஷன்ல போடுங்க’ன்னு ஆபீஸ்ல சண்டையே போட்டேன். மூணாம் நாளே என் மடியில வந்து படுத்துத் தூங்கறான், படவா... நல்லவேளைடி, அங்க இடமில்லைன்னுட்டாங்க.