அஞ்சு செகண்டு அக்காவுக்கு ஒரு நன்றியுரை

தலைமை தாங்கும் ஆலை மேலாளர் அவர்களே, அனலோடும் ஆலையோடும் அரை ஆயுள் கழித்த மூத்த தோழர்களே, பிள்ளைகளையும் மடியில் வைத்து என் பேச்சையும் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் ‘அஞ்சு செகண்டு அக்கா’ அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஏன் இந்தப் பட்டப்பெயர்? வெயிலில் வளைந்து கொடுக்கும் எஃகு, கடுங்குளிரில் கற்கண்டாய் நொறுங்கும். எந்தக் குளிரில் எவ்வளவு அடி தாங்கும் என்றறிய, விரல் நீளத் துண்டைக் குளிர்திரவத்தில் ஊறவைத்து, எடுத்த ஐந்து நொடிக்குள் ஊசல் சுத்தியலால் அடிக்க வேண்டும். எங்கள் சோதனைக்கூடத்தில் அது அக்காவின் வேலை. தூக்கும் இடுக்கியும் அதே குளிரில் ஊறியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதன் சூடு துண்டில் ஏறி, கணக்கு பொய்யாகிவிடும். என்ன, பின்வரிசையில் சிரிப்பு? எனக்கும் ஐந்தே நொடியா? இல்லை ஐயா, எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், பனிமலை ஊர் ஒன்றின் எரிவாயுத் தொட்டிக்கான தகடுகள் லாரியில் ஏறக் காத்திருந்தன. மைனஸ் நாற்பது டிகிரியில் மூன்று துண்டுகளும் தேறிவிட்டன. மற்ற வெப்பநிலைகளின் அளவுகளை வைத்து வரைபடத்தில் நான் இழுத்த கோடும் தேறும் என்றது. சோதனைக்கூடப் பொறுப்பாளனான நான் சான்றிதழில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தேன். அக்கா வந்து நின்றார்.

“சார், இடுக்கியைக் குளிர்ல போட மறந்துட்டேன். அந்த மூணு கணக்கும் செல்லாது.”

யார் பார்த்தார்? ஒருவரும் இல்லை. யார் கேட்டார்? ஒருவரும் இல்லை. அவர் அப்போது தற்காலிக ஊழியர். அவரை நிரந்தரமாக்கலாமா என்று அந்த வாரம்தான் நான் அறிக்கை எழுத வேண்டும். அது அவருக்கும் தெரியும். நான் பாராட்டினேனா? எரிந்து விழுந்தேன், பெரியோர்களே. என் கோடே சொல்கிறது, இன்னும் என்ன சோதனை என்று குதித்தேன். கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதுவேன் என்றும் மிரட்டினேன்.

“எழுதிக்கங்க சார். ஆனா திரும்ப உடைச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

மறுநாள் புதுத் துண்டுகளை உடைத்தார். தாங்கும் அடி குறைந்தது இருபத்தேழு ஜூல் வர வேண்டிய இடத்தில் ஒன்பதே வந்தது. குளிரக் குளிர எஃகு படிப்படியாக இறங்கும் என்று நம்பிக் கோடிழுத்தவன் நான். அதுவோ கிணற்றில் கல் விழுந்ததுபோல் விழுந்திருந்தது. தகடுகள் லாரியில் ஏறவேயில்லை. கவனக்குறைவு என்று எழுதிவைத்திருந்த அறிக்கையைக் கிழித்தேன். அவரிடம் மன்னிப்பு மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.

இதோ, ஊரறியக் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள் அக்கா.

வேறு தகட்டில் எழுந்த அந்தத் தொட்டி இன்றும் பனியில் நிற்கிறது. அதனடியில் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள், மாலையானால் வீடு திரும்புகிறார்கள். உங்களை அவர்கள் அறியமாட்டார்கள். அறியாத அந்த நாற்பது பேருக்காகவும், பொய்க்குக் கையெழுத்திடாமல் தப்பிய இந்தக் கைக்காகவும் உங்களைக் கும்பிடுகிறேன். நன்றி அக்கா. அவையோர்க்கு வணக்கம்.