ஆலிஸின் சாவுப் பாட்டு

மாதா மேல் சத்தியமாகச் சொல்கிறேன் அய்யா, இனி வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. காசிமேட்டில் என் பாட்டைக் கேட்டு ஒரு பெரிய சுறா தானாக வந்து வலைக்குள் படுத்தது என்று நான் சொல்லித் திரிந்தது பொய்தான். அது சின்னச் சுறா.

முப்பத்தெட்டு வருடமாகச் சாவு வீடுகளில் கானா பாடுகிறேன். செத்தவரின் குணம், கோபம், கடைசியாகப் போட்ட சண்டை எல்லாவற்றையும் விசாரித்த பிறகுதான் வாயைத் திறப்பேன். மனுஷனுக்காக மனுஷன் செய்கிற காரியம் அது. மீன் விற்ற ஆலிஸ் செத்ததும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெற்ற பிள்ளையே பிணத்தின் முன் பாடுவது எங்கள் தெருவில் வழக்கமில்லை.

நான் டோலக்கைத் தட்டுவதற்குள் அவள் மகன் பிராங்கிளின் ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டான். தெருவே அழுதது. அதற்குப் பிறகு நான் பாடினேன். எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து ஆலிஸ் ஏசுவதுகூட அந்தப் பாட்டில் இருந்தது. குரலும் பிராங்கிளினுடையது போலவே இருந்தது. ஓரிடத்தில் அந்தக் குரல் உடைந்து அழுதது. போனிலேயே பாட்டுக் கட்டுகிற மெஷின் வந்திருக்கிறதாமே, அழுவதற்கும் கற்றுக்கொடுத்துவிட்டார்களே அந்தக் கருமத்துக்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மதியம், கடலோரப் பாறையில் தனியாக உட்கார்ந்திருந்தவனிடம் போய்க் கேட்டேன்.

"பாட்டு யாருடா கட்னது?"

"போனு கட்டுச்சு நைனா. பேரு, வயசு, தொழிலு குடுத்தா ரெண்டே நிமிசம்." என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உன் பேரையும் குடுத்து வெச்சிக்கீறேன். நீ எப்போ போவேன்னு கேட்டுகினு கீது."

பெற்றவளுக்காக அழுவதைக்கூட மெஷினிடம் விட்டவன். அவனிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? அவன் எழுந்தபோது என் கைத்தடியை அவன் கால்களுக்கு நடுவே நீட்டினேன். பாறையெல்லாம் பாசி. நீந்தத் தெரிந்த பிள்ளைதான். தலை முதலில் கல்லில் பட்டுவிட்டது. ஒரு கை தண்ணீருக்கு மேலே வந்து துழாவியது. நான் தடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்கேயே அவனுக்கு ஒரு பாட்டுக் கட்டினேன். அவன் மூழ்க எடுத்த நேரம் பல்லவிக்குப் போதுமாயிருந்தது. அவசரப்படவில்லை. நல்ல பாட்டு அவசரத்தில் வராது.

மறுநாள் அவன் வீட்டிலேயே அதைப் பாடினேன். மனுஷன் கட்டுவதற்கும் மெஷின் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது ஒருவன் காட்டத்தானே வேண்டும்.

நேற்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வீட்டில் கிடந்த அவன் போனைத் திறந்து பார்த்தார்கள்: பாட்டுக் கட்டுகிற மெஷின் எதுவும் அதில் இல்லை, ஆலிஸின் பாட்டை அவனே பாடிப் பார்த்துச் சரிவராமல் விட்ட நாற்பது பதிவுகள் இருந்தன.