மூடின சுரங்கத்துக்கு வந்த சம்பந்திங்க

இல்லீங்க வாட்ச்மேன் அண்ணா, உள்ள உடச் சொல்லி கேக்கல. உள்ள என்னா இருந்தா எனக்கென்ன? ஒரு அஞ்சு நிமிசம் இப்படி உங்க பக்கத்துல நின்னு பேசினாப் போதும். கேட்டுக்கு வெளிய நிக்கறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல? அந்தத் தடிய மட்டும் கீழ வச்சிருங்க. தூரத்துலருந்து பாக்கறவங்களுக்கு நீங்க என்னை அடிக்க வர்ற மாதிரி தெரியும்.

நாங்க மாரண்டஹள்ளிங்க. தர்மபுரி மாவட்டம். நல்லவேளை, நீங்க தமிழ் பேசறீங்க. கன்னடத்துல ஊட்டா ஆய்த்தா, சாப்டாச்சானு கேட்டுட்டு அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வராது.

அதோ நிக்குது பாருங்க வெள்ளை வண்டி, அதுலதான் வந்தோம். ஆம்புலன்ஸ் இல்லணா, கேரவன். எல்லாரும் ஆம்புலன்ஸ்னுதான் நெனைக்கிறாங்க. ராயக்கோட்டை ரோட்டுல ஒரு டிராக்டர்காரரு ஓரங்கட்டி நிறுத்தி, தலத்துண்ட எடுத்துக் கும்புட்டாரு. எங்கக்கா பூவிழியக் கட்டிக்கப் போற மதியழகனோட தாய்மாமன் கிருஷ்ணப்பன் இருக்காருல்ல, அவரு வண்டி. போன வருசம் வரைக்கும் தக்காளி லோடு அடிச்சுது. ஒகேனக்கல்லுக்கு ஷூட்டிங் வர்ற நடிகருங்களுக்கு வாடகைக்கு உடலாம்னு உள்ள மெத்தை, டிவி, கக்கூஸ் எல்லாம் வச்சாரு. ஒரு நடிகரும் வரல. வந்தாலும் உக்கார மாட்டாங்க. ஏசி போட்டா அழுகுன தக்காளி நாத்தம் அடிக்குது.

கக்கூஸ்தான் பெரிய கூத்து. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலயே இருக்குது, பிளைவுட் கதவு. உள்ள மூச்சு உட்டாக்கூட வெளிய கேக்கும். சம்பந்திங்க உக்காந்திருக்கறப்ப யாரு போவா? கிருஷ்ணகிரி பெட்ரோல் பங்க்ல வண்டி நின்னதும் மொத்தப் பேரும் எறங்கி ஓடறோம். கிருஷ்ணப்பன் மூஞ்சி சுண்டிப்போச்சு. இவ்ளோ செலவு பண்ணி வச்சிருக்கேன், பங்க்காரன் கக்கூஸ்ல என்ன இருக்குதுனு கேக்கறாரு. கடைசில அவரே டிரைவர வெளிய நிறுத்திட்டுப் போயி, இருந்துட்டு வந்தாரு. தண்ணி வரல.

எதுக்கு வந்தோமா? சுத்திப் பாக்கத்தான். வெள்ளக்காரன் பங்களா பாத்தாச்சு, அந்த இரும்புக் கோபுரம் பாத்தாச்சு, தங்கம் எடுத்துட்டுக் கொட்டுன அந்த மண்ணு மலைல ஏறி போட்டோ எடுத்தாச்சு. கிருஷ்ணப்பன் ஜூஸ் பாட்டில்ல மண்ணு அள்ளி வச்சிருக்காரு, வூட்டுல போயி சலிச்சா குண்டுமணி அளவாச்சும் தங்கம் தேறும்னு. என்னாது, சயனைடு விஷமா? அந்த மண்ணுலயா? சரி உடுங்க, அவரு குடிக்க மாட்டாரு. போறப்ப சொல்லிக்கலாம்.

ஆனா அசலு சங்கதி அது இல்லணா. மாப்ள வூட்டுக்காரங்க சம்பந்தியப் பாக்க வந்திருக்காங்க. சம்பந்தினா எங்கப்பா. இந்தச் சுரங்கத்துலதான் வேலை செய்றாரு.

சிரிங்க சிரிங்க. மூடிட்டாங்கனு எனக்குத் தெரியாதா? ப்ளஸ் ஒன் பாதில நின்னவதான், அதுக்காக போன்ல தேடிப் பாக்கத் தெரியாதா? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே மூடியாச்சு. அவரு வூட்ட உட்டுப் போனது நான் பொறந்த ஒரு வாரத்துல. எங்க போனாரு, யாரோட இருக்காரு, ஒண்ணும் தெரியாது. ஊர்ல கேக்கறவங்களுக்கு ஓடிப்போயிட்டாருனா சொல்ல முடியும்? அதனால எங்கம்மா இந்தக் கோலாரு தங்கவயல்ல இருக்காருன்னுட்டாங்க. மொதல்ல கூலியாளு. நான் அஞ்சாவது படிக்கறப்ப மேஸ்திரி ஆனாரு. அக்காவுக்கு வரன் வர ஆரம்பிச்சதும் ஆபீசரு. வூட்டுல இருந்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்க மாட்டாரு.

போட்டோவா? எங்கம்மா எப்பவோ கிழிச்சுப் போட்டுட்டாங்க. மாப்ள வூட்டுல போன் நம்பரு கேட்டா, பூமிக்கு அடில போன் கொண்டுபோனா வெடிமருந்து வெடிச்சிருமாம். ஏன் ஊருக்கே வர்றதில்ல? வர்றாரு, ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு வந்து விடிகாலைல மொத பஸ்ஸுக்குப் போயிர்றாரு. இதெல்லாம் ஒரு பதில்னு கேட்டுக்கிட்டுப் பொண்ணு எடுக்க வந்திருக்காங்க பாருங்க, அவங்களச் சொல்லணும்.

இதையும் கேளுங்க. பங்காருப்பேட்டைல டீ குடிக்க நின்னோம். டீக்கடைக்காரரு, எங்க போறீங்க, மைன்ஸ் மூடி ரொம்ப வருசமாச்சேனு போட்டு உடச்சிட்டாரு. எனக்கு அப்பாடானு ஆயிருச்சு, முடிஞ்சுது, ஊருக்குத் திரும்பலாம்னு. எங்கம்மா டீய ஒரு மொடக்கு குடிச்சிட்டு சொல்றாங்க, வெளியாளுக்கு அப்படித்தான் சொல்லி வைப்பாங்க, தங்கமாச்சே, தொறந்திருக்குதுனு சொன்னா திருடன் வரமாட்டானா? கிருஷ்ணப்பன் தலையாட்டிட்டு டீக்கடைக்காரரப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, உனக்கென்னய்யா தெரியும்னு. அந்த மனுசன் பாவம், பாக்கி சில்லறைய அதிகமாக் குடுத்துட்டாரு.

மாப்ள அம்மா அன்பரசி அத்தை மட்டும் லேசுல மசியற ஆளு இல்ல. ஒரே புடி. வெத்தல பாக்கு, தேங்கா, வேட்டி சட்டை வச்ச தட்ட பொண்ணப் பெத்தவரு கையிலதான் குடுப்பேன், மாமன்கிட்ட சித்தப்பன்கிட்டல்லாம் நீட்ட மாட்டேன், தட்டு கை மாறலன்னா கல்யாணப் பேச்சே இல்லன்னுட்டாங்க. மாரண்டஹள்ளிலருந்து இங்க வரைக்கும் மடிலயே வச்சிருக்காங்க அந்தத் தட்ட. கக்கூஸ் இருக்கற வண்டில கீழ எப்படி வைக்கறதுனு. பிரேக் போட்டப்பல்லாம் தேங்கா உருண்டு ஓடுது, நாந்தான் சீட்டுக்கடில பூந்து பூந்து எடுத்துக் குடுத்தேன்.

எங்கக்காவுக்கு அந்த மதியழகன ரொம்பப் புடிச்சிருக்குதுணா. எனக்குப் புடிக்கல, சாப்புடறப்ப சத்தம் வரும். ஆனா கட்டிக்கப்போறது நானா? மண்ணு மலைல போட்டோ எடுக்கறப்ப என் கையப் புடிச்சா. யுவி, இன்னிக்கு ஒரு நாள் உன் வாய மூடிக்கிட்டு இருடீன்னா.

ஏன்னா நான் படார்னு சொல்லிருவேன்னு அவளுக்குத் தெரியும். எனக்குப் பொய் வராது. ஸ்கூல்லயும் அதான் தகராறு, அப்பா என்ன பண்றாருனு டீச்சர் கேட்டா, தெரியாது டீச்சர், கண்டா எனக்கும் சொல்லுங்கம்பேன்.

உங்களுக்குப் பசங்க இருக்காங்களாணா? ரெண்டும் பையனுங்களா. பொண்ணு இல்ல? அப்ப நல்லதாப் போச்சு. வயசு அம்பது இருக்குமா? அம்பத்து மூணா, சரியா இருக்குது. பேரு சொல்ல வேணாம், வேணாம், சொல்லாதீங்க, அப்புறம் எனக்கு அதுதான் வாயில வரும்.

இப்பக் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வண்டி இங்க வந்து நின்னுச்சுல்ல, அத்தை எங்கம்மாவப் பாத்து, எங்க சம்பந்தி, கூப்புடுனு கேட்டாங்க. எங்கம்மாகிட்ட பொய் தீர்ந்துபோச்சுணா. இத்தன வருசத்துல மொத தடவ, வாயத் தொறந்தாங்க, ஒண்ணும் வரல. சும்மா கதவோட கைப்புடியப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. நான் அப்ப உண்மையச் சொல்லிரலாம்னுதான் எறங்கினேன். சத்தியமா. அத்தை, எங்கப்பா இல்லனு சொல்ல வாயத் தொறந்து, கையத் தூக்கினேன். தூக்கின பக்கம் நீங்க நின்னுட்டு இருந்தீங்க. காக்கிச் சட்டை, பெல்ட்டு, தொப்பி. அதோ அவருதான்னு சொல்லிட்டேன்.

ஐயோ, பின்னால போவாதீங்கணா, பாத்துட்டு இருக்காங்க. ஒண்ணும் பேச வேணாம். தட்ட ரெண்டு கையாலயும் வாங்கி, எங்கம்மா கையில குடுத்துருங்க, அவ்ளோதான். கல்யாணத்துக்கா? அதெல்லாம் வர வேணாம், லீவு தரலன்னு எங்கம்மா சொல்லிக்குவாங்க, இனிமே அவங்களுக்கு வாய் வந்துரும். உங்க பேரு முனிராஜ். பெரியவ பூவிழி, சின்னவ யுவராணி. பச்சப் பொடவ எங்கம்மா, அவங்க அழுதா அழுவட்டும், அது நடிப்பு இல்ல, நீங்க கண்டுக்காதீங்க.

உங்க மூஞ்சி பொருந்துமானு கேக்கறீங்களா? எங்கப்பா மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. எனக்கு யாரு மூஞ்சியா இருந்தாலும் பொருந்தும்.

அத்தை தட்ட எடுத்துட்டு எறங்கிட்டாங்க. கை காட்டறாங்க பாருங்க. நீங்களும் ஒரு தடவ கையத் தூக்குங்கப்பா.