ஜீவாவின் உள்ளங்கை

அந்தக் கிளவுஸைச் சின்னசேலத்தில் வாங்கினேனா, கள்ளக்குறிச்சியிலா என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை ஐயா. நான் சொல்வதில் இப்படிச் சில பிசகுகள் இருக்கலாம். கறுப்பு நிறம், உள்ளே பஞ்சு வைத்தது, ஜீவாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அது நிச்சயம்.

கச்சிராயபாளையத்தில் என் ஜிம்முக்கு வருகிறவர்களில் அவன்தான் கலகலப்பானவன். பகலெல்லாம் கரும்பு லோடு ஏற்றிவிட்டு, அதே கையோடு வந்து வெயிட் தூக்குவான். என் கிளவுஸைப் பார்த்து, "இன்னா அமலண்ணே, வூட்ல பாத்திரம் தேய்ச்சிட்டு அப்படியே வந்துட்டீங்களா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கைப்பிடியை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. மூச்சைப் பிடித்து அழுத்தினால் எனக்கு ஐம்பத்து நான்கு கிலோ காட்டும். அவனுக்கு எழுபத்தொன்று.

போலீஸ் எழுத்துத் தேர்வில் அவன் பாஸாகிவிட்டான். அடுத்தது வெறுங்கையால் கயிறு ஏற வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் பாதிக் கயிற்றில் என் கை நழுவிய தேர்வு. அவன் அம்மா தைலம்மாள் ஜிம்முக்கே வந்து, "உன்னத்தான் தம்பி நம்பிக்கினு இருக்கோம்" என்றார்.

பொறுப்பை எடுத்துக்கொண்டேன். கரும்பு லோடு வேண்டாம் என்று நிறுத்தினேன். கிளவுஸ் இல்லாமல் எதையும் தொடாதே என்றேன். வெயிட் கம்பியை மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் கொடுத்தேன், விரல்களுக்கு வேலையே இல்லை. அவன் கையை வெந்நீரில் ஊறவைத்து, காய்ப்புகளை நானே தேய்த்து எடுத்தேன். "பொண்ணு பாக்கவா கூட்டிக்கினு போறீங்க?" என்றான். அளக்கும் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நான்கு மாதத்தில் தோளும் மார்பும் பெருத்து, பதினொரு கிலோ கூடினான். அதையும் கைதான் தாங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, "இன்னிக்கு கிளவுஸக் கழட்டிட்டு ஏறு" என்றேன். ஜிம்முக்குப் பின்னால் இருபதடி உயரத்தில் கயிறு தொங்கும்.

"கீழ போடுற மெத்த எங்கண்ணே?"

"காயப் போட்டிருக்கேன். நீ இன்னாத்துக்கு வுழப் போற?"

மெத்தையில் ஈரம் எதுவும் இல்லை.

சிரித்துக்கொண்டே ஏறினான். உச்சிக்குப் போய், "கல்வராயன் மல மொத்தமும் தெரியுதுண்ணே" என்றான். கொஞ்ச நேரத்தில், "அண்ணே, தோலு உரியுது, இறங்கட்டா?" என்றான்.

"அப்படியே தொங்கு. பிடி பலப்படும்."

பத்து எண்ணியிருப்பேன். ஏழாகவும் இருக்கலாம். கீழே சிமெண்ட் தரை.

விழுவான் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். வாக்குமூலத்தில் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

ஜீவாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. தைலம்மாள் விடிந்ததும் களை வெட்டப் போய், பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார். அவனோடு எழுதியவர்கள் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். ஜிம்மில் இப்போது கயிறு இல்லை. கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொண்டால் தேவலை ஐயா. மத்தியானம் அவனைப் புரட்டிப் படுக்கவைக்க என்னை விட்டால் யாரும் இல்லை.