ஏறாத ரயிலுக்கு எடுத்த டிக்கெட்

"ஏறாத ரயிலுக்கு ஒரு வருசம் டிக்கெட் எடுத்தோமேண்ணே."

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா சொன்னார். பக்கத்தில் இருந்தவர், அவர்கள் ஊர் ஸ்டேஷனில் கமிஷனுக்கு டிக்கெட் விற்றவர் என்று பேச்சில் தெரிந்தது.

"விக்கலைன்னா வண்டி நிக்காதுன்னாங்க. அதான் தெனம் தெருவுக்கு இத்தனை டிக்கெட்னு முறை வச்சோம்," என்றார் அவர். "அம்புட்டும் வித்துச்சு. ஆனா எடுத்தவுக எல்லாம் பஸ்லதான போனாக."

"நானும் எங்க வீட்டுக்காரரும்தான் ஏறுனோம்."

"ரயில் கார்டு பிளாட்பாரத்தை எட்டிப் பாப்பாரு. நீங்க ரெண்டு பேரு, அங்கன மேயுற ரெண்டு ஆடு. கண்டதைத்தான எழுதுவாரு. அதான் நம்மூர்ல வண்டி நிக்கிறதையே எடுத்துட்டாக."

"ஆட்டையாவது ஏத்தி விட்டிருக்கலாம்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாவே மறுபடி பேசினார்.

"ரயில்னா காலை நீட்டிப் படுத்துக்குவாரு. ஆஸ்பத்திரியில மிஷின் வச்சு ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வாரப்ப பஸ்ல உக்கார முடியலண்ணே. ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டாரு."

"இன்னைக்கு மாப்ளை எங்க, பின் சீட்டுலயா?"

"வரல. இனிமே வரவே மாட்டேன்னுட்டாரு. மிஷினுக்குப் பதிலா மாத்திரை குடுப்பாகளான்னு கேக்கப் போறேன்."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"அதுக்கு மாத்திரை கிடையாதேம்மா."

"தெரியும்ண்ணே," என்றார் அந்த அம்மா.