திங்கட்கிழமைக் கையெழுத்து

குவான்: அக்கா, திரும்பச் சொல்லுங்க. எடுத்துக்கறீங்களா?

ஷென்: எடுத்துக்கறேன். உன் கெமிக்கல் கம்பெனியோட கண்ணாடி ஃபாக்டரியை எங்க சிமெண்ட் கம்பெனியில சேர்த்துக்கறோம். ஆயிரத்து எண்ணூறு தொழிலாளியோட. போதுமா? மீன் தலை உன் பக்கம் பாக்குது, வழக்கப்படி நீதான் முதல்ல குடிக்கணும்.

குவான்: பொறுங்க... ஆறு மாசமா மேயர் சொல்லியும் நீங்க அசையல. இன்னிக்கு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள...

ஷென்: மனசு மாறிடுச்சு.

குவான்: சேர்மன் நாற்காலியில உக்காந்தவங்களுக்கு மனசா?

ஷென்: கெமிக்கல் கம்பெனி சேர்மனுக்கு இருந்தா சிமெண்ட் கம்பெனி சேர்மனுக்கும் இருக்கும். குடி.

குவான்: இது தண்ணி பாட்டில்...

ஷென்: பாட்டில்தான் தண்ணி பாட்டில். உள்ளே பைஜியு சாராயம். மதியச் சாப்பாட்டுல நம்மள மாதிரி அரசாங்க ஆளுங்க குடிச்சா யார் படம் எடுத்துப் போடுவாங்கன்னு தெரியுமா?

குவான்: பதிலுக்கு என்ன வேணும்? எங்க ஆத்தோர நிலமா?

ஷென்: வேண்டாம்.

குவான்: பாங்க்ல கடன் ஏதாவது... நான் ஒரு வார்த்தை...

ஷென்: மேயர் தலையை ஆட்டினா பாங்க் தானா கதவைத் திறக்கும். நீ எதுக்கு நடுவுல?

குவான்: அக்கா... உங்க ஃபோன் எங்கே?

ஷென்: வெளியே, உன் ஃபோன் பக்கத்துலதான்.

குவான்: ரெண்டாவது ஃபோன்?

ஷென்: கைப்பையைக் கொட்டிக் காட்டட்டுமா? லிப்ஸ்டிக்கும் பிரஷர் மாத்திரையும்தான் இருக்கு.

குவான்: கோவிச்சுக்காதீங்க. ஊழல் விசாரணைக்காரங்க யாராவது உங்களைக் கூப்பிட்டு... டீ குடுத்தாங்களா?

ஷென்: அவங்க டீயைக் குடிச்சிருந்தா இங்க உக்காந்து மீன் சாப்பிடுவேனா?

குவான்: உங்க போர்டுல அந்தப் பேராசிரியர் இருக்காரே, வெளியிலேர்ந்து வந்த டைரக்டர். அவர் கேள்வி கேப்பாரு.

ஷென்: எங்க கம்பெனி கட்சிக் குழுவுல நேத்து சாயங்காலமே பேசி முடிச்சாச்சு. அப்புறம் போர்டுல என்ன இருக்கு? கை தூக்கணும். அவர் ரெண்டு கையும் தூக்குவார்.

குவான்: பங்கு வாங்கின ஜனங்க?

ஷென்: பெரிய பங்கு மாகாண அரசு கையில. உன் கம்பெனியிலயும் அப்படித்தானே? மிச்சப் பேர் இன்டர்நெட்ல திட்டுவாங்க. ரெண்டு நாள்ல அதையும் அழிச்சிடுவாங்க.

குவான்: எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கீங்க. ஃபாக்டரியில கண்ணாடி உருக்கற உலையைப் பாக்க மட்டும் ஏன் ஆள் அனுப்பல?

ஷென்: உலை எரியுதுதானே?

குவான்: எரியுதே!

ஷென்: பாலத்துல வரும்போது பாத்தேன். புகை வருது. போதாதா?

குவான்: புகை... வரும். வரத்தான் செய்யும்.

ஷென்: ஏன் இப்படி வேர்க்குது?

குவான்: மிளகாய்.

ஷென்: ஹுனான்ல பிறந்தவனுக்கு மிளகாய்ல வேர்க்குதாம்!

குவான்: விளையாடாதீங்க அக்கா. இப்ப சட்டம் எப்படின்னு தெரியும்ல? பத்திரத்துல யார் கையெழுத்தோ, அவங்கதான் பொறுப்பு, ஆயுசுக்கும். நாளைக்கு ஃபாக்டரி கவுந்தா, ரிடயர் ஆகி பேரனைத் தூக்கிட்டு நடக்கறப்பக்கூட வந்து பிடிப்பாங்க.

ஷென்: தெரியும்.

குவான்: தெரிஞ்சுமா?

ஷென்: உனக்கு அந்த ஃபாக்டரி போகணுமா, வேண்டாமா?

குவான்: போகணும். மூட விட மாட்டேங்கறாங்க, ஒரு ஆளைக் குறைக்க விட மாட்டேங்கறாங்க... அது என் கழுத்துல கிடக்கறவரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது.

ஷென்: அப்ப ஃபோனை எடுத்துட்டு வா. மேயர்கிட்ட நீயே சொல்லு.

குவான்: நானா? எடுத்துக்கறது நீங்க...

ஷென்: நல்ல பேர் உனக்கு வரட்டுமே.

குவான்: ...இதுல என்னமோ இருக்கு.

ஷென்: சரி, விடு. நான் கிளம்பறேன். திங்கட்கிழமைக்குள்ள மனசு மறுபடி மாறினா என்னைக் கேக்காத.

குவான்: இருங்க, இருங்க! இதோ எடுத்துட்டு வரேன்... மேயர் ஐயா, குவான் பேசறேன். சாப்பிட்டீங்களா? ...ஆமா, எதிர்லதான் இருக்காங்க. ஒத்துக்கிட்டாங்க ஐயா! ...திங்கட்கிழமை காலையில சிமெண்ட் கம்பெனி சேர்மன் கையெழுத்துப் போட்டுடுவாங்க... உலையா? ஜோரா எரியுது... சத்தியமா ஐயா. அதுக்கு நான் பொறுப்பு... சரிங்க ஐயா, வெக்கறேன்.

ஷென்: என்ன சொன்னார்?

குவான்: துள்ளிக் குதிக்கறார். மாகாணத்துக்கு இப்பவே தகவல் குடுக்கறாராம். இனிமே நீங்க பின்வாங்க முடியாது அக்கா.

ஷென்: யாராலயும் முடியாது.

குவான்: அப்ப ஒண்ணு சொல்லிடறேன். உள்ளயே வெச்சிருந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது... உலை அணைஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு.

ஷென்: ம்.

குவான்: கண்ணாடி உள்ளயே உறைஞ்சு பாறையாக் கிடக்கு. உலையையே இடிச்சாத்தான் வெளிய எடுக்க முடியும். புகைக்கு... பழைய மரப்பெட்டிங்களை எரிக்கறோம். மன்னிச்சிடுங்க.

ஷென்: தெரியும்.

குவான்: தெரியுமா! தெரிஞ்சுகிட்டேவா கையெழுத்துப் போடப் போறீங்க?

ஷென்: நான் எங்கே போடப் போறேன்? நேத்து காலையில கட்சி நியமனத் துறையில என்னைக் கூப்பிட்டாங்க. ஒரே நாற்காலியில ரொம்ப நாள் இருந்தா நாம வேர் விட்டுடறோமாம், அதனால ஆளை மாத்தறாங்க. உன்னை இன்னிக்குச் சாயங்காலம் கூப்பிடுவாங்க, முகத்தைக் கொஞ்சம் ஆச்சரியமா வெச்சுக்கோ. உன் கம்பெனிக்கு நான் வரேன், என் கம்பெனிக்கு நீ போற. திங்கட்கிழமை காலையில சிமெண்ட் கம்பெனி சேர்மன் நீதான், தம்பி.